செங்கமலம் மழையில் வந்தாள்

ஜூன் 12, வியாழன்
மத்தியானம் வெயில் அடிக்கும்போதே மழையும் பெய்தது. சந்திரகிரிக் கோட்டைக்கு எதிரே என் டிபன் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருத்தி வந்தாள்.

"அம்மே, அரண்மனை அடுக்களை எங்கே? சற்றுமுன் இங்கேதான் இருந்தது."

சினிமா ஷூட்டிங் ஆள் என்று நினைத்தேன். நாலு இட்லி கொடுத்தேன். பார்த்து, முகர்ந்து, "புளிப்பு போதவில்லை" என்றாள். திமிரைப் பார்!

ஜூன் 13
ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுத்தாள். பெயர் செங்கமலம். ராயர் அரண்மனையில் சமையலாம்.

காலையில் தம்பி சீனு அவளோடு கோட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்ன மண்டபத்துக்குப் போனான். அவள் வந்த வழி அதுதானாம். காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன், பேயைப் பார்த்தவன்போலத் திரும்பி வந்தான்.

"அக்கா, அந்தத் தூண்கிட்ட நின்னா போன்ல டைம் பின்னால ஓடுது. அந்தப் பொண்ணு பொய் சொல்லல. நானூறு வருஷம் முன்னாலேர்ந்து வந்துகீது."

"எப்டிடா?"

"நைனா தறியிலேர்ந்து எறக்கின புடவைய மடிப்பாரே, ஒரு மொனை இன்னொரு மொனை மேல வந்து குந்தும் இல்ல? காலம் அங்க அப்டி மடிஞ்சிகீது. வெயிலும் மழையும் ஒண்ணா வந்தா வழி தொறக்குதுன்னு நெனைக்கிறேன்."

எனக்குப் புரிந்தது புடவை மட்டும்தான்.

ஜூன் 17
செங்கமலத்துக்கு டிவியும் பிடிக்கவில்லை, போனும் பிடிக்கவில்லை. மிக்சியை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர்கள் அடுக்களையில் அரைப்பதற்கே ஒன்பது பெண்களாம். "இது சம்பளம் கேட்குமா?" என்றாள்.

தக்காளியை விஷக்காய் என்று இரண்டு நாள் தொடவில்லை. இன்று நான் பார்க்காதபோது மூன்று தின்றிருக்கிறாள்.

ஜூன் 22
நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லையே!

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள், அலமேலு. புருஷன் செத்துவிட்டான். ஆடி பிறக்குமுன் இளவரசி புகுந்த வீட்டுக்கு, வேலூருக்குப் போகிறாள். சீதனத்தோடு பணிப்பெண்களும் போகவேண்டும். அதில் அலமேலுவும் ஒருத்தி. போனவர்கள் யாரும் திரும்பியதில்லையாம்.

பொம்பளப் புள்ளைய அண்டா குண்டாவோட சேர்த்துக் குடுப்பாங்களா? என்னாத்துக்கு இப்டி ஒரு அரமணை?

ஜூன் 23
வெயில் மட்டும்.

ஜூலை 3
இப்போது செங்கமலத்தின் புளிக்குழம்புக்காகத் திருப்பதியிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அவளோ கரண்டியும் கையுமாக வானத்தையே பார்க்கிறாள்.

அவள் போய்விட்டால் வண்டியில் மறுபடியும் நான் ஒண்டிதான். மழை வரவேண்டாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சீ.

ஜூலை 9


வெயிலோடு தூறல் விழுந்ததும் சாம்பாரைச் சீனுவிடம் விட்டுவிட்டு ஓடினோம். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. தூணருகே அவள் கையைப் பிடித்தேன். ஒரு அடிதான் வைத்தோம். மண்டபம் புதிதாக நின்றது. எங்கும் அடுப்புப் புகை, மாட்டுச்சாணி வாசனை, வரிசையாகச் சீதனம் ஏற்றிய மாட்டுவண்டிகள்.

நைட்டியும் தோளில் துண்டுமாக இருந்த என்னைக் காவலன் மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த நாட்டு உடை இது?"

"நகரி" என்றேன். பொய் இல்லையே, பிறந்த ஊர்தானே. யோசித்துவிட்டு வழிவிட்டான்!

கடைசி வண்டியில் கூடைகளுக்கு நடுவே ஒரு சின்னப்பெண். "அலமேலு!" என்று செங்கமலம் கத்தினாள். குழந்தை குதித்தாள். யாரோ கூச்சல் போட்டார்கள். மூவரும் ஓடினோம். என் ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

மழை விட்டுக்கொண்டிருந்தது. தூணருகே செங்கமலம் நின்றுவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த இடம் ஆயிற்றே.

"அம்மே, உன் ஊரில் என் மகளை யாருக்காவது சீதனமாகக் கொடுத்துவிடுவார்களா?"

"நான் இருக்கறப்ப எவன் குடுப்பான்? வாடி!"

வந்துவிட்டாள்.

சீனு போனைப் பார்த்துக்கொண்டே நின்று சாம்பாரை அடிப்பிடிக்க விட்டிருந்தான். திட்டத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி
அலமேலுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். பிறந்த வருஷம் கேட்டால் சொல்ல சீனு ஒரு பொய்யைத் தயார் செய்து வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்தான்.

"பாப்பா எப்புடு புட்டிந்தி?" என்று ஹெட்மாஸ்டரம்மா பிறந்த வருஷத்தைத் தெலுங்கில் கேட்டார்.

சீனு வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் நிமிர்ந்து, "விளம்பி வருடம், ஆனி மாதம்" என்றாள்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். ஹெட்மாஸ்டரம்மா விரல்விட்டு எண்ணினார். "விளம்பி... ரெண்டாயிரத்துப் பதினெட்டு. அப்போ ஏழு வயசு. கரெக்டா இருக்குதே! இந்தக் காலத்துல யாரும்மா வருஷத்துக்குப் பேர் சொல்றாங்க?"

வெளியே வந்ததும் சீனு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அறுபது வருஷங்களின் பெயர்களும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். நானூற்றிருபது வருஷத்தில் ஏழு தரம் சுற்றி, விளம்பி சரியாக வந்து நின்றிருக்கிறது. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பு. அவசரத்துக்குக் கூப்பிட இன்னொரு பெயர் வேண்டும் என்றார்கள். பெரியம்மா இந்திராணி என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.