ஒரு பஸ் தூரம்

ஜனவரி 12

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் நலத்தைப் பேப்பரில் பார்த்துக்கொள்கிறேன். உன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். அவளைத் தூக்கிப் புரட்ட என் தோளில் தெம்பில்லை. பராமரிப்பு இல்லத்தில் கட்டில் கிடைத்தது மூன்று பஸ் மாறிப் போகிற இடத்தில். நம் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சந்தை ரோட்டு இல்லத்துக்கு ஒரு போன் போடச் சொன்னால், "வரிசைன்னு ஒண்ணு இருக்கே அத்தான்" என்றாய். சொந்த அக்காவுக்கு ஒரு கட்டில் வாங்கித்தரத் துப்பில்லை, ஊருக்குச் சட்டம் போடுகிறாயாம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

திட்டுவதற்காவது எழுதினீர்களே. நான் போன் போட்டால் அக்காவுக்கு முன்னால் காத்திருப்பவரின் கட்டில் போய்விடும். இப்போது அப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் நாங்கள் கொண்டுவரும் இந்தச் சட்டம். எல்லா இல்லங்களுக்கும் ஒரே பட்டியல். வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் கட்டில் தர வேண்டும். தூரத்தில் இருப்பவர்களைக் கிட்டத்துக்கு மாற்ற வேண்டும். வரைவை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் மைத்துனன்

பிப்ரவரி 2

உறுப்பினருக்கு,

நான் எட்டாவதோடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நாற்பது கிலோமீட்டர் என்று எழுதியவன் காரில் போகிறவன். உன் அக்கா இருக்கும் இடம் முப்பத்தெட்டுதான். உன் சட்டப்படி அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். நான் போய்ச்சேர மூன்று மணி நேரம். நேற்று பார்வை நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் உள்ளே விட்டார்கள். கோணிய வாயோடு "வண்டி லேட்டா?" என்றாள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன், ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

கிலோமீட்டரை அடித்துவிட்டு, 'ஒரே பஸ், ஒரு மணி நேரத்துக்குள்' என்று போடு. எல்லா இல்லங்களுக்கும் பஸ் நேரம் எழுதி வைத்திருக்கிறேன், பதினொரு பக்கம். தொலைத்துவிடாதே.

அக்காவின் கணவன்

மே 16

அன்புள்ள அத்தானுக்கு,

பதினொரு பக்கத்தையும் சட்டமன்றக் குழுவில் வாசித்தேன். "யார் சார் இவர், வக்கீலா?" என்றார் செயலாளர். "எங்க அத்தான்" என்றேன். கிலோமீட்டர் போய்விட்டது. நேற்று சட்டம் நிறைவேறியது. இனியும் நான் போன் போட மாட்டேன்; கோபித்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன்

ஆகஸ்ட் 9

மைத்துனனுக்கு,

சந்தை ரோட்டு இல்லத்திலிருந்து செவிலி ஒருத்தி கூப்பிட்டாள். கட்டில் தயாராம்.

"எனக்கு முன்னால யாராவது காத்திருக்காங்களாம்மா?" என்றேன்.

"எதுக்கு கேக்கறீங்க?"

"பட்டியலப் பாத்துச் சொல்லு."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "யாரும் இல்லைங்க, உங்க முறைதான்" என்றாள். அதற்கப்புறம்தான் சரி என்றேன்.

அன்றைக்கு நீ போன் போடாததை நான் இன்னும் மறக்கவில்லை. அது வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வருகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து பதினேழாம் நம்பர், பன்னிரண்டு நிமிடம். காரில் வராதே, என்னோடு பஸ்ஸில் வா. லேட்டானால் அவள் கேட்பாள். பதில் நீதான் சொல்ல வேண்டும்.

உன் அத்தான்