பூட்டிய படலை

தை 12, திங்கள்

நித்திரை வரவில்லை.

ஐப்பசியில், என் தேனீக்களுக்காக நிலாவெளிக் காணியில் தும்பை விதைத்த அன்றே படலையைப் பூட்டினேன். அதுவரை அங்கே மாடு மேய்த்துவந்த நாசர் காக்கா எவ்வளவோ சொன்னார். "இடைக்கிடை மேயட்டும் டீச்சர், இல்லாட்டி புல் ஏறிரும். தும்பையில மாடு வாய் வைக்காது."

"ஏலாது, மிதிச்சுப்போடும்" என்றேன். அதற்கு மேல் கதைக்கவே விடவில்லை.

இன்றுதான் போய்ப் பார்த்தேன். மழைக்குப் புல் இடுப்பளவு நிற்கிறது. விலக்கினால், அடியில் தும்பைக் கன்றுகள் நூல் மாதிரி வெளிறிக் கிடக்கின்றன. கொஞ்சம் உயிர் இருக்கிறது.

வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். "காக்கா, பிழை என்ரைதான். மாடுகளைக் கொண்டுவந்து விடுங்கோ."

அவர் கோபப்பட்டிருக்கலாம்; படவில்லை. "ஓம், விடுறன் டீச்சர். மேய இடமில்லாம எட்டு மாட்ட வித்துட்டன். ரெண்டுதான் மிச்சம்" என்றார்.

பின்னேரம் அந்த இரண்டும் வந்தன. படலையடியில் நாலு பாய் விரிக்கிற அளவு மேய்ந்தன. பிறகு வயிறு நிறைந்து படுத்துவிட்டன.

புல் இன்னும் மூன்று ஏக்கர் நிற்கிறது.