வீட்டு வரிப் பதிவேட்டில் ஒரு திருத்தம்

1. நான் சங்கரன்கோவிலில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் வழக்குரைஞர். நீங்கள் சாட்சிக் கூண்டில் நின்ற நாளில் உங்களை விசாரித்தவன். மறைந்துவிட்ட உங்களுக்கு, நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை எழுதிவைக்கிறேன்.

தலைவரம்மா, இன்று காலை அந்த வழக்கின் பிரதிவாதி மாடத்தி வந்திருந்தார். மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக உங்கள் ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டு நகலைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பெயர் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் படிக்க முடிகிறது. அதன் மேலே மாடத்தியின் பெயர். ஓரத்தில் உங்கள் கையெழுத்து, "என் பிழை" என்ற இரண்டு சொற்கள்.

"கோடு கெடக்குன்னு கரண்ட் ஆபீஸ்ல யோசிக்காவ சார்," என்றார். அந்தக் கோட்டுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தவன், உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மகளிர் ஒதுக்கீட்டில் நீங்கள் முதன்முறை ஊராட்சித் தலைவராக வென்றபோது, கையெழுத்தை உங்கள் கணவர்தான் போடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. நீங்களோ முத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்து பதிவேட்டைச் சரிபார்த்தீர்கள். அடுத்த முறை ஒதுக்கீடு இல்லாமலே வென்றீர்கள்.

ஒரே ஒரு வீட்டுக்கு நீங்கள் போகவில்லை. அந்த வழக்கில் என் கட்சிக்காரர் ஒரு தறி முதலாளி. உங்கள் தெருவின் வாக்குகள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. மாடத்திக்குக் கணவர் வழியில் வந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவர் மனுக் கொடுத்தார். நீங்கள் கையெழுத்திட்டீர்கள். அந்தப் பதிவை நம்பி, மாடத்தியை வெளியேற்ற வழக்குத் தொடுத்தவன் நான்; உங்களை எங்கள் தரப்புச் சாட்சியாக அழைத்தவனும் நானே.

நீதிமன்ற வராந்தாவில் என் கட்சிக்காரர் உங்களிடம் குனிந்து, "யக்கா, எலெக்சன் வருது. பாத்துச் சொல்லுங்க," என்றார்.

"பாத்துத்தான்வே சொல்லுவேன். கண்ணாடி கொண்டாந்திருக்கேன்."

பெயர் மாற்றம் முறைப்படி நடந்ததா என்று கூண்டில் கேட்டேன்.

"இல்லய்யா. நான் வீட்டைப் போய்ப் பாக்கல. உள்ள இருக்கவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. இவரு நீட்டினாரு, போட்டுட்டேன்."

உங்கள் மானத்துக்கும் என் வழக்குக்கும் சேர்த்து ஒரு வழி திறந்துவிட எண்ணி, அது வெறும் எழுத்துப் பிழைதானே என்றேன்.

"எழுத்து என்னய்யா செய்யும்? எழுதினது நான்லா."

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். உங்களைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கோரும் உரிமை எனக்கு இருந்தது, கோரவில்லை. தனக்கு எதிராகவே அத்தனை தெளிவாகச் சாட்சியம் அளித்த ஒருவரை, அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

வழக்கு தள்ளுபடியானது. தேர்தலில் உங்கள் தெருவே உங்களைக் கைவிட்டது. பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன் நீங்கள் செய்த கடைசித் திருத்தம், என் கட்சிக்காரரின் பெயரை அடித்து மாடத்தியின் பெயரை எழுதிய இதுதான்.

பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் உங்களைப் பார்த்தபோது, தோற்றதில் வருத்தமா என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தம் இல்லாமலா? ரெண்டு நாளு அழுதேன். ஆனா தெனமும் மாடத்தி வாசல் வழியாத்தான தண்ணிக்குப் போறேன், வக்கீலய்யா."

அதன் பிறகு, ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கோரும் எந்த நோட்டீசிலும், அந்த வாசலை நேரில் பார்க்காமல் நான் ஒப்பமிட்டதில்லை. இருமுறை, கதவைத் திறந்தவரைக் கண்டபின் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

(ஒப்பம்)
வழக்குரைஞர், சங்கரன்கோவில்

சாட்சிகள்:
பீர் முகமது, என் எழுத்தர்.
மாடத்தி, மேற்படி வீட்டில் குடியிருந்து வருபவர்.