ஒரு பக்கமா ஊதின விசில்

பிப்ரவரி 9

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

உங்க கண்டக்டர் எழுதிக்கிறது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். எழுத்து கோணலா இருக்கும், கையில ஊசி குத்தி வச்சிருக்காங்க. குத்தாத காலத்திலயும் கோணல்தான், அது வேற கதை.

நவம்பர்ல ஒருநாள், பஸ் நிறைய ஆளுங்களோட வண்டியைப் பல் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு, "நீ இறங்கி உள்ளே போனாத்தான் வண்டி எடுப்பேன்"னு சட்டமா உட்கார்ந்தீங்களே! "என்னப்பா, புருஷன் பொண்டாட்டி சண்டையா?"ன்னு ஒரு அம்மா கேட்க, பஸ்ஸே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு. இறங்கவே இல்லை. டிப்போவுக்கு வந்து, காரணமில்லாம வண்டியை நிறுத்தினார்னு எழுதிக் கொடுத்தேன். உங்களை வேற டிப்போவுக்குத் தூக்கிட்டாங்க.

அப்புறம் தினமும் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கிட்டே டிக்கெட் கிழிச்சேன். போன வாரம் படிக்கட்டிலயே சுருண்டுட்டேன். எதனாலன்னு டாக்டருங்களுக்குப் பிடிபடலை. அப்பதான் எங்க வீட்டுக்காரி வாயைத் திறந்தா. மாத்தலாகிப் போற அன்னைக்கு நீங்க வீடு தேடி வந்து, "மூணு வருஷமா வலது ஓரத்துலயே விசில் ஊதறான், இடதுபக்கப் பல்லைப் பாருங்கம்மா"ன்னு சொன்னீங்களாமே?

பார்த்தாங்க. கடைவாய்ப்பல் வேர்ல சீழ். அதுலேர்ந்து கிருமி ரத்தத்துல ஏறி, இதயத்து வால்வுல போய் உட்கார்ந்திருக்கு. டிக்கெட் எடுக்காம மூணு வருஷமா ஒருத்தன் வந்திருக்கான், நான் ஒரு கண்டக்டர்! இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆளு அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னார்.

அண்ணே, என்னை மன்னிப்பீங்களா?

உங்க உயிர் வாங்கின,
கண்டக்டர்


பிப்ரவரி 20

தம்பிக்கு,

கடுதாசி கிடைச்சுது. வண்டியிலயே வச்சு ரெண்டு தடவை படிச்சேன்.

நீ எழுதிக் கொடுத்ததுல பொய் இல்லை. நிறுத்தினேன்தானே. பதினோரு வருஷத்துல உன் முகத்தைப் பார்த்ததைவிட விசிலைக் கேட்டதுதான் அதிகம். காதைக் கிழிக்கிற சத்தம், பாதி காத்தாப் போச்சு. அதான் பொறுக்கலை.

இங்கே கண்டக்டர் நல்ல பையன். விசிலும் நல்லாத்தான் ஊதறான். இருந்தாலும் எந்தப் பக்கமா ஊதறான்னு ஒரு தடவை கண்ணாடியில பார்த்துட்டுத்தான் வண்டி எடுக்கறேன்.

ஊசியைப் பாதியில நிறுத்தாதே. நீ அப்படிச் செஞ்சாலும் செய்வே.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரம் ஊசி முடிஞ்சுது. பல்லைப் பிடுங்கிட்டாங்க. காட்டுங்கன்னேன், காட்டினாங்க. இத்தனூண்டு! இதுக்கா இந்த ஆட்டம்?

வால்வு கொஞ்சம் ஒழுகுதாம். காலம் பூரா டாக்டரைப் பார்க்கணும், படிக்கட்டுல தொங்கற வேலை இனி கூடாதாம். அதைக் கேட்டதும் ஒருநாள் பூரா யார்கிட்டயும் பேசலை. நான் பேசலைன்னதும் பயந்து நர்ஸம்மா மறுபடி காய்ச்சல் பார்த்துட்டாங்க.

மேனேஜருக்கு எழுதிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு தெரியும். "அன்னைக்கு வண்டி நின்னதுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போ உயிரோட இருக்கு"ன்னு எழுதி, டாக்டர் சீட்டையும் வச்சேன். உங்களைப் பழைய ரூட்டுக்கே திருப்பிப் போட்டுட்டாங்க. எனக்கு வண்டி கிளம்பற நேரம் குறிக்கிற டைம் கீப்பர் வேலை, பஸ் நிலையத்துல, நாற்காலியில.

திங்கட்கிழமை முதல் வண்டி உங்களோடது. கண்டக்டர் விசில் கொடுத்தாலும் எடுத்துடாதீங்க. என் அறை ஜன்னல்லேர்ந்து ரெண்டு விசில் வரும், இடதுபக்கமா. அதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

உங்க தம்பி