கிரெச் முற்றத்துல விழுற சாரல்

மே 5, திங்கள்

மன்னிச்சிரு நூரி, இந்நேரத்துக்கு லைட்டைப் போட்டு எழுதுறேன். பகல்ல நேரமே கிடைக்கல. ஒரு பக்கம் எழுதிட்டு அணைச்சிருவேன். சமத்தாத் தூங்கு.

கத்திரி நேத்து ஆரம்பிச்சாச்சு. காலையில மில் பஸ் ஜன்னல் கம்பியில கை வைக்க முடியல. வேடசந்தூர் தாண்டினா ரோடு முழுக்கக் கானல். நூரி மடியில. மூக்குல லேசா சளி. மில் கிரெச்ல, அதான் பிள்ளைக் காப்பகத்துல, விட்டுட்டு யுடிலிட்டி ரூமுக்குப் போனா, மிஷினுக்கெல்லாம் அழுத்தக் காத்து குடுக்குற கம்ப்ரஸர் மறுபடியும் நின்னு கிடக்கு. கூலிங் டவர்ல இருந்து வர்ற தண்ணியில சூடு குறையல, அதான். மேனேஜர் போன்: காத்து இல்லாம வைண்டிங் நிக்குது, ஒரு நூலும் சுத்தல, என்னம்மா பண்றீங்க.

ராத்திரி சாப்பிடும்போது மச்சான் கேட்டார், அந்த டவர்ல அப்படி என்னதான் இருக்கு, செல்போன் டவர் மாதிரியான்னு. கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு இந்தக் கேள்வி. தோல் மண்டிக்காரருக்குத் தெரியாதுதான். சொன்னேன்: நூரியைக் குளிப்பாட்டிட்டு ஃபேனுக்குக் கீழ விட்டா நடுங்குறா இல்ல, அதேதான். மிஷின்ல இருந்து வர்ற சுடுதண்ணியை மேல இருந்து மழை மாதிரி விடுவோம். நடுவுல தேன்கூடு மாதிரி பிளாஸ்டிக் அடுக்கு. உச்சியில பெரிய ஃபேன், காத்தைக் கீழே இருந்து மேல இழுக்கும். கொஞ்சம் தண்ணி ஆவியாப் போகும், போறப்ப சூட்டையும் கொண்டு போகும். மிச்சம் குளிர்ந்து அடித்தொட்டியில விழும்.

"அப்ப ஃபேன் வச்ச மண்பானைன்னு சொல்லு." மச்சான்.

அதேதான். பானை வெளிப்பக்கம் உப்புப் பூக்குதே, இதுலயும் அந்தத் தொல்லை இருக்கு. ஆவியாப் போறது சுத்தத் தண்ணி, உப்பு உள்ளேயே தங்கிரும். எங்க போர் தண்ணி ஏற்கெனவே உப்புத் தண்ணி. அதனால பழைய தண்ணியில கொஞ்சம் எப்பவும் வெளிய போய்க்கிட்டே இருக்கணும். அதுக்குன்னு ஒரு வால்வு, பிளீட் வால்வு. இன்னைக்குப் பார்த்தா அது இறுக்கி மூடியிருக்கு. மீட்டரை விட்டா உப்பு எங்கேயோ நிக்குது. வால்வைக் கொஞ்சமாத் திறந்து வச்சுட்டு வந்தேன்.

நாளைக்கு: வால்வு பார்க்கணும். டவர் மேல ஏறிப் பார்க்கணும். கிருமி மருந்து டிரம் காலி, ஸ்டோர்ல மறுபடியும் கேட்கணும். நூரிக்கு மூக்குல விடுற சொட்டு மருந்து. மாமிக்கு முழங்கால் தைலம்.

மே 6, செவ்வாய்

வெயில் அதே. வெஞ்சனம் ஒண்ணும் செய்யல, தயிர்சோறு ஊறுகாயோட டப்பா கட்டினேன்.

வால்வு மூடியிருந்துச்சு.

ஆபரேட்டர் மாரிமுத்து அண்ணனைக் கேட்டா நான் தொடலைம்மாங்கிறார். விசாரிச்சா வாட்ச்மேன். அவருக்கு ஒரே பெருமை. "ராவெல்லாம் தண்ணி சும்மா போய்க்கிட்டு இருந்துச்சு மேடம். நல்லவேளை நான் பார்த்தேன்." நான் நன்றி சொல்வேன்னு நிக்கிறார். விளக்கிச் சொல்லிட்டுத் திறந்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தா மறுபடி மூடியிருக்கு. கூட்டுற அக்கா. 'மூடாதீர்'னு அட்டையில எழுதிக் கட்டினேன். சாயங்காலம் அட்டை இருக்கு, வால்வு மூடியிருக்கு. இந்தத் தடவை யாருன்னா, ரவுண்ட்ஸ் வந்த மேனேஜர். லாரித் தண்ணி வாங்குற ஊர்ல எவன்டா திறந்து விட்டதுன்னு கேட்டுட்டே மூடினாராம், மாரிமுத்து அண்ணன் சொல்லிச் சிரிக்கிறார்.

யாரைக் குத்தம் சொல்ல. இந்தப் பக்கத்துல ஓடுற பைப்பைப் பார்த்தா கை தானாப் போகும். கல்யாண மண்டபத்துல பட்டுச் சேலையோட போய்க் குழாயை மூடிட்டு வர்ற ஊரு இது. இங்க யாருமே தப்புப் பண்ணல. எல்லாரும் தண்ணியைக் காப்பாத்தியிருக்காங்க. இம்புட்டு மாசமாக் காப்பாத்தினதுல டவர் அடைச்சுப் போச்சு.

எங்களுக்கு ரெண்டு டவர். மோசமா இருக்கிறதுல ஏறிப் பார்த்தேன். தேன்கூடு அடுக்கு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. ஓட்டையில விரல் நுழையல, காத்து எங்க நுழையும். ஃபேன் சும்மா சுத்துது.

ஃபிட்டர் பாண்டி அண்ணனிடம் சொன்னேன், எப்படியாவது காத்துக்கு வழி பண்ணுங்கன்னு. செஞ்சுரலாம் மேடம்னார். எப்படின்னு நான் கேட்கல. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

மே 7, புதன்

காலையில இருந்து கம்ப்ரஸர் நிக்கவே இல்ல. தண்ணி நல்லாக் குளிர்ந்து வருது. மேனேஜர் நேர்லயே வந்து குட் சொன்னார். மதியம் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நூரியைக் கூப்பிடப் போனேன். கிரெச் முற்றத்துல சாரல். கத்திரி வெயில்ல, ஒரு மேகம் கிடையாது, பொடிப் பொடியாத் தூத்தல். பிள்ளைங்க எல்லாம் கையை விரிச்சுக்கிட்டு மழை மழைன்னு குதிக்குதுக. நூரி நடுவுல உட்கார்ந்து நாக்கை நீட்டிப் பிடிக்கிறா.

ஆயா செல்வி அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "நூரியம்மா, யாரு புண்ணியமோ தெரியல, காலையில இருந்து குளுகுளுன்னு இருக்கு. ஒண்ணாச்சும் அழுகல."

அவங்க சேலைத் தோள்ல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. காய்ஞ்ச உப்பு.

நான் ஏறின டவர் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். ஓடிப் போய்ப் பாண்டி அண்ணனைப் பிடிச்சேன். ஃபேனுக்குக் கீழ வளைஞ்ச தகடு வரிசை ஒண்ணு இருக்கும், காத்தோட ஏறுற துளியைத் தடுத்துக் கீழயே விழ வைக்கிறதுக்கு. அதைக் கழட்டிட்டார். அதுவும் காத்தை மறைக்குது மேடம், நீங்கதானே வழி பண்ணச் சொன்னீங்கன்னார். சொன்னதுதான்.

பஸ்ல நூரி தலையைத் துண்டால துடைச்சுக்கிட்டே வந்தேன். ரெண்டு தடவை இருமினா. மூணோ.

மே 8, வியாழன்

நேத்து சரியாத் தூங்கல. நூரி மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். மச்சான் புரண்டு படுத்து, அவ நல்லாத்தான் இருக்கா, நீ தூங்குன்னார்.

எனக்குத் தெரிஞ்சது: வெதுவெதுன்னு இருக்க டவர் தண்ணியில நுரையீரல் காய்ச்சல் கொண்டு வர்ற கிருமி வளரலாம். குடிச்சா பெருசா ஒண்ணுமில்ல, பொடித் துளியா மூச்சுல இழுத்தாத்தான் கெடுதல். காலேஜ்ல படிச்சது, பரீட்சைக்கு எழுதினது. அடித்தொட்டி சுவர்ல கையை வச்சா வழுவழுன்னு பாசி. கிருமி மருந்து ஊத்தியே நாளாச்சு. எங்க தண்ணியில அந்தக் கிருமி இருக்கா? தெரியாது. டெஸ்ட்டுக்கு அனுப்பணும், ரிசல்ட் வர நாளாகும். தெரியாதுங்கிறதுதான் தொல்லை.

மேனேஜரிடம் போனேன். தகட்டை மாட்டணும் சார்னேன். மாட்டினா கம்ப்ரஸர் நிக்கும்ல? நிக்கும் சார், அடுக்கை மாத்துற வரைக்கும். அடுக்கை மாத்த டவரை நிறுத்தணும்ல? ஆமா சார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாச் சொன்னார். "பிள்ளைங்களுக்குத்தானே பிரச்சனை? கிரெச்சை மூடிருவோம். கத்திரி முடியட்டும், பார்ப்போம்."

கோபமாச் சொல்லல. உதவி பண்றதா நினைச்சுத்தான் சொன்னார்.

வெளிய வந்து செல்வி அக்காவிடம் சாரல் நல்லதில்ல, பிள்ளைகளை உள்ள வைங்கன்னு மட்டும் சொன்னேன். உள்ள தகரக் கூரை, வேகுது நூரியம்மான்னாங்க. அப்புறம் குரலை இறக்கி, இதை மேல சொல்லிராதீங்க, போன தடவை ஒரு பிள்ளை விழுந்ததுக்கே ரெண்டு மாசம் மூடிட்டாங்க, அதுல வேலையை விட்டுப் போன பொண்ணுக திரும்பி வரவே இல்லன்னாங்க. ஏற்கெனவே சொல்லிட்டேன்னு சொல்ல வாய் வரல.

வீட்டுல மாமி, மச்சானோட உம்மா, ஒரே வரியில முடிச்சுட்டாங்க. நாளையில இருந்து நூரி எங்கூட இருக்கட்டும், நீ வேலையைப் பாரு.

சரின்னுட்டேன்.

மே 9, வெள்ளி

விடியக்காலை நூரி உடம்பு சுட்டுச்சு. பெரிய காய்ச்சல் இல்ல. மாமி பிஸ்மி சொல்லி மருந்து குடுத்தாங்க. டவுன்ல டாக்டர், காத்திருப்பு. நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டார், சளி இறங்கல, தொண்டைதான், மூணு நாள் பாருங்கன்னார். சாரல் விஷயம் சொன்னேன். எந்த மில்லுன்னு கேட்கல, மத்த பிள்ளைங்க யாரும் இருமுதான்னு கேட்டார்.

தெரியாதுன்னேன். கேட்டே பார்க்கல நான்.

அரை நாள் லீவுக்கு மேல கிடையாது. மச்சான் ஜும்மாத் தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டார். மடி காலியா உட்கார்ந்து போனது என்னமோ மாதிரி இருந்துச்சு.

கிரெச் பக்கம் போகாம யுடிலிட்டி ரூமுக்கே போயிரலாம்னு பார்த்தேன். முடியல. முற்றத்துல சாரல். பாதிப் பிள்ளைங்க வெளியதான், செல்வி அக்கா ஒருத்தரா எத்தனை பேரை இழுத்து உள்ள போட முடியும். சரண்யா வந்திருந்தா, வைண்டிங்ல இருக்க ஒட்டன்சத்திரத்துப் பொண்ணு, இடைவேளையில மகனுக்குப் பால் குடுக்க. என்னைப் பார்த்து எழுந்திரிக்கல.

"ஏனுங்க மேடம், உங்க கொழந்தைய மட்டும் வூட்டுல வெச்சுட்டீங்களாமா?"

காய்ச்சல்னேன்.

"காச்சல் இன்னைக்குத்தானுங்க. நேத்தே செல்வியக்காகிட்ட உள்ள வைங்கன்னு சொன்னீங்களாமா. என்னமோ தெரிஞ்சுதான் சொல்லியிருக்கீங்க. எங்களுக்கும் சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோமுங்க."

சொன்னேன். உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன். பாசி, துளி, மூச்சு, தகடு, நான் பாண்டி அண்ணனிடம் சொன்னது, மேனேஜர் சொன்னது. செல்வி அக்கா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. சரண்யா மகனைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே கேட்டுட்டு இருந்தா. கிரெச்சை மூடினா அவளுக்கு வேற வழி கிடையாது, மாமியாரும் இன்னொரு மில்லுல ஷிஃப்ட் போறாங்க. மூடாம இருந்தா இவன் இதுல நனையணும். ரெண்டுல எதுங்கன்னு கேட்டா. ரெண்டும் வேண்டாம்னு எனக்குச் சொல்லத் தெரிஞ்சுச்சு, எப்படின்னு சொல்லத் தெரியல.

மத்த பிள்ளைங்களைக் கேட்டேன். ஒரு பையன் இருமுறான், அது போன மாசத்துல இருந்தே. வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

பாண்டி அண்ணனைப் போய்ப் பார்த்தேன். கோபமா இருப்பார்னு நினைச்சேன். பீடியை அணைச்சுட்டு, என் தங்கச்சி பிள்ளையும் அங்கதான் மேடம் இருக்குன்னார். கிரெச் பக்கத்து டவருக்குப் புது அடுக்கு வாங்கி ஸ்டோர்ல பிரிக்காமக் கிடக்காம், யாரும் நிறுத்த விடாததால. ஞாயித்துக்கிழமை லோடு கம்மி. ஒரு டவர் ஓடட்டும், இதை நிறுத்தினா காலையில ஆரம்பிச்சு இருட்டுறதுக்குள்ள மாத்திரலாம், தகட்டையும் மாட்டிரலாம்ங்கிறார். பாதி வைண்டிங்கை நிறுத்தணும். அதுக்கு மேனேஜர் சொல்லணும். அவர் மதியமே கோயம்புத்தூர் கிளம்பிட்டார், திங்கக்கிழமைதான் வருவார். போன் எடுக்கல.

மே 10, சனி

வெயில். சாயங்காலம் சிறுமலைப் பக்கம் மேகம் கட்டிக் கலைஞ்சுருச்சு. நூரிக்குக் காய்ச்சல் விட்டாச்சு, அரை இட்லி சாப்பிட்டா. இருமல் லேசா இருக்கு.

மில்லுல இன்னைக்கு: செல்வி அக்காவும் சரண்யாவும் போய்க் கேன்டீன்காரரிடம் பேசி, சாப்பாட்டு ஹால்ல ஒரு ஓரத்துல பாய் விரிச்சுப் பிள்ளைகளை வச்சுட்டாங்க. யாரிடமும் அனுமதி கேட்கல. இது எத்தனை நாள் ஓடும். மேனேஜர் வந்து பார்த்தா என்ன சொல்வார்.

மூணு தடவை போன் அடிச்சேன். எடுக்கல.

மாமி, உனக்கெதுக்கு ஊர் வம்பு, நம்ம பிள்ளைதான் வீட்டுல இருக்கேன்னாங்க. மச்சான் நான் மேனேஜருக்கு மெசேஜ் டைப் பண்றதை எட்டிப் பார்த்துட்டு, 'தயவுசெய்து' நாலு இடத்துல இருக்கு, ரெண்டை எடுத்துருன்னார். எடுத்தேன். இப்பதான் அனுப்பினேன். பின்னால நான் அப்படிச் சொல்லலன்னு எனக்கே தோணிரக் கூடாது, அதனால இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"சார், வணக்கம். நேரம் கழிச்சு மெசேஜ் அனுப்புறதுக்கு மன்னிக்கணும். கிரெச் பக்கத்து டவர்ல துளித் தடுப்புத் தகடு இல்லாமல் ஓடுகிறது. காற்றுக்கு வழி செய்யச் சொன்னது நான், எப்படி என்று கேட்காமல் சொன்னேன். பாண்டி மேல் தவறில்லை. அந்தத் தண்ணீர் பிள்ளைகள் மேல் விழுகிறது. அது கெட்ட தண்ணீரா என்று உறுதியாகத் தெரியாது, தெரியாத வரை அதை அவர்கள் மூச்சில் விடக் கூடாது. புது அடுக்கு ஸ்டோரில் இருக்கிறது. நாளை ஞாயிறு ஒரு பகல் அந்த டவரை நிறுத்த அனுமதி கொடுங்கள், தகட்டோடு மாட்டி முடித்துவிடுவோம். அதுவரை பிள்ளைகள் கேன்டீன் ஹாலில் இருக்கட்டும். தயவுசெய்து கிரெச்சை மூட வேண்டாம். திங்கள் காலை என் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மற்றவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அவளையும் விடப் போகிறேன். ஆட்கள் நாளை காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள். தயவுசெய்து அதற்குள் பதில் போடுங்கள் சார்."