இரண்டாவது மோட்டாருக்குத் திறப்பு விழா

ஐப்பசி 2, காலை 7.10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது பராமரிப்புப் பொறியாளர் சண்பகவல்லி. இங்கே இருக்கும் ஒரே ஆள். ஒன்றாம் காற்று மோட்டார் சீராக ஓடுகிறது. பழைய இரண்டாவதைக் கழற்றிவிட்டு நேற்று புதியதைப் பூட்டினேன். இனி மாற்று ரிலே தன் வேலையைப் பார்க்கும்: இந்த முறை ஒன்று, அடுத்த முறை இரண்டு. இரண்டும் சமமாக உழைக்கும், சமமாக ஓய்வெடுக்கும். தீப்பெட்டி அளவு ரிலேக்குப் புரிந்த நியாயம் இது. இரண்டும் நின்றுவிட்டால் எனக்கு மூச்சு இல்லை.

ஐப்பசி 3, காலை 8.00
ரிலே மாறவில்லை. பழுது என்று நினைத்தேன். பூமியிலிருந்து பூட்டிவைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறைத் தலைமை அதிகாரி திருவேங்கடத்தின் செய்தி:

"மேடம், ரெண்டாவது மோட்டாரை ஓட்டிடாதீங்க. தலைவர் கையால திறப்பு விழா வைக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. முன்னாடியே ஓடிட்டா அப்புறம் எதைத் திறக்கிறது?"

காற்று மோட்டாருக்குத் திறப்பு விழா! ரிப்பன் வேறு கேட்டார்கள். சிவப்பு இன்சுலேஷன் டேப்பைக் கட்டிப் படம் அனுப்பினேன். லட்சணமாக இருக்கிறதாம்.

ஐப்பசி 19, மதியம் 1.30
விழா இரண்டாம் முறையாகத் தள்ளிப்போனது. முதல் முறை தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது நாள் சரியில்லையாம். ஒன்றாம் மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடி, தொட முடியாத சூட்டில் இருக்கிறது. ரிலே பெட்டியை அறுத்துப் பூட்டை உடைக்கலாம். அதற்கு ஓடுவதை நிறுத்தவேண்டும், இந்தச் சூட்டில் நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது; இரண்டாவதோ இன்னும் ஓட்டியே பார்க்காதது. சும்மா கிடக்கும் மோட்டாரும் கெடும், ஈரக் காற்று உள்ளே இறங்கி வெளிச்சுவர்க் குளிரில் உறையும், துருப்பிடிக்கும் என்று எழுதினேன்.

"புதுசு தானே மேடம், அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"

ஷோகேஸ் பொம்மை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இந்த மனிதருக்கு அறை கொடுத்து, ஏசி கொடுத்து, என் உயிரையும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கார்த்திகை 6, மாலை 5.40
ஒன்றாம் மோட்டார் எரிந்துவிட்டது. நிலையம் முழுக்கக் கருகல் நாற்றம். பூட்டை எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

"பாஸ்வேர்டு தலைவர் ஆபீஸ்ல இருக்கு மேடம். நாளைக்குப் பத்தரைக்கு நல்ல நேரம். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

மூச்சை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவது என்று அவர் சொல்லவில்லை.

கார்த்திகை 6, இரவு 8.15
பெட்டியை அறுத்து, ரிலேயை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்தேன். உறுமியது. சுற்றவில்லை. ஹீட்டரை வைத்தேன். பனி இளகியது, துரு இளகவில்லை. குறடு போட்டு மொத்த உடம்போடு தொங்கினேன்; நிலவில் என் எடை என்ன பெரிய எடை. மீட்புக் கலம் வர மூன்று நாளாகும். அவசர ஆக்சிஜன் சிலிண்டர் காலை வரைதான். திருவேங்கடத்திடம் சொன்னேன்.

"தலைவர் கை பட்டா ஓடிடும் மேடம், பாருங்க."

பயமாக இருக்கிறது. இந்த மடையனிடம் அழ மட்டும் மாட்டேன்.

கார்த்திகை 7, 10.30
தலை கனக்கிறது. சிலிண்டர் முள் அடியில். திரையில் சால்வை, மாலை, ஆளுயரத் தலைவர் படம். தலைவரும் இருக்கிறார். பொத்தானை அழுத்தினார். ரிலே டிக் என்றது. அவர்கள் பக்கம் பச்சை விளக்கு. ரிலே மாறினால் பச்சை எரியும். மோட்டார் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. அவர்களுக்கும்

"பச்சை எரியுது மேடம்! தலைவர் லைன்ல இருக்கார், நன்றி சொல்லி ரெண்டு வார்த்தை பேசுங்க."

சுற்றவில்லை என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். வாய்தான் அசைந்தது.

"மேடம் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க சார். பேச்சே வரல."

கை தட்டுகிறார்கள். எழுந்து நின்று கை தட்டு