இரண்டாவது டேக்

அம்பத்தூர்,
9-6-2025

அன்புள்ள லாவண்யாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதட்டும் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பினாயாம். கல்யாணமான புதிதில் ட்ரெயினிங்கிலிருந்து எழுதினேனே, அதற்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். ஸ்டேஷனில் புகார் எழுதி எழுதிக் கை அந்த நடைக்கே போகிறது. பொறுத்துக்கொள்.

நிவி எப்படி இருக்கிறாள்? வலது கையைத் தூக்குகிறாள் என்று சகலை சொன்னார். கேட்டதும் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோயிலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் வேலூருக்குப் போன பிறகு எனக்குக் காலையில் கடை இட்லி, ராத்திரி கடை தோசை. மோட்டார் போட மறந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வந்து, "இன்னா சார், டிவில ஊருக்கே சட்டம் சொல்லிகினு கீறீங்கோ, தொட்டில தண்ணி கீதான்னு பாக்க மாட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

டிவி என்றதும் ஒரு விஷயம். நான் ரோட்டில் வண்டிகளை நிறுத்துவதைப் படம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை 'ஓரங்கட்டு' என்று போடுகிறார்களே, அதில் இந்த முறை ஹெல்மெட்டுக்காக ஒரு ஸ்பெஷல் செய்யப்போகிறார்கள். மேடை போட்டு, ஆட்களை உட்கார வைத்து எடுக்கிறார்களாம். தயாரிப்பாளர் அபிஷேக் வீட்டுக்கே வந்து பேசினார். நிவியைப் பற்றி நான் பேச வேண்டும் என்கிறார். முடிந்தால் அவளையும் சக்கர நாற்காலியில் மேடைக்கு அழைத்து வரலாமா என்று கேட்கிறார். சட்டத்தை மதிக்கிற ஒரு அதிகாரியின் வீட்டிலேயே இப்படி நடந்தது என்றால் பார்க்கிறவர்கள் திருந்துவார்கள் என்பது அவர் கணக்கு.

எனக்கும் சரியென்றுதான் படுகிறது. நம் பெண்ணுக்கு வந்தது இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு வராமல் இருக்கட்டும். நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. நிவியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

உன்,
மனோகரன்


வேலூர்,
14-6-2025

என்னங்க,

கடிதம் கிடைத்தது. எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் நீங்கள் டிவியில் பேசுகிற மாதிரியே என்னிடமும் பேசுகிறீர்கள். எழுதினால் கொஞ்சமாவது யோசிப்பீர்கள் என்று நினைத்தேன். முதல் கடிதத்தில் அது நடக்கவில்லை.

நிவி கையைத் தூக்குகிறாள். ஸ்பூன் பிடிக்கிறாள். வார்த்தைதான் சட்டென்று வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் 'அது, அது' என்கிறாள், பிறகு தன்மேலேயே கோபம் வந்து அழுகிறாள். அக்காவும் மாமாவும் முகம் கோணாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அடுத்தவர் வீட்டு ஹாலை எத்தனை நாள் ஆஸ்பத்திரியாக வைத்திருப்பது? அந்த நாள் மட்டும் அவளுக்கு நினைவில் இல்லை. எப்படி விழுந்தேன் என்று கேட்கிறாள். கொரட்டூர் திருப்பத்தில் ஜல்லியில் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குச் சற்று முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை.

எனக்கு அது தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஏட்டு பரந்தாமன் ஐ.சி.யு. வாசலில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். "மண்ணூர்பேட்டைல நான்தான் அண்ணி பாப்பா வண்டிய நிறுத்துனேன். தலைல ஹெல்மெட் இல்ல. அது அண்ணனுக்குப் போன் போட்டு என் கைல குட்த்துச்சு. 'நம்ம பொண்ணுதாம்பா, காலேஜுக்கு நேரமாவுது, வுட்டுரு'ன்னாரு. வுட்டுட்டேன். நான் இன்னா அண்ணி பண்ணுவேன்" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. பாவம், அவர் அவருடைய வேலையைச் செய்திருக்கிறார், நீங்கள்தான் செய்ய விடவில்லை.

சட்டத்தை மதிக்கிற அதிகாரி என்று எப்படி உங்கள் கை எழுதியது? நம் ஸ்கூட்டரில் போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டியது யார்? பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிட வேண்டும் என்று ஒரே வண்டியில் மூன்று பேரும் வெறுந்தலையோடு போயிருக்கிறோம். வழியில் யாரும் நிறுத்தவில்லை, சல்யூட் அடித்தார்கள். அது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உங்கள் கேமராக்காரப் பையன்கள் நம் வீட்டில் காபி குடிக்கும்போது சொல்லிச் சிரித்தார்களே, நினைவிருக்கிறதா? யூ-டர்ன் தூரம் என்று நீங்கள் ஜீப்பை எதிர்ப்பக்கத்தில் விடும்போதெல்லாம் கேமராவை மடியில் இறக்கி வைத்துக்கொள்வார்களாம். நானும் சேர்ந்து சிரித்தேன். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண் ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில் என்ன ஆச்சரியம்?

நிவியை மேடைக்கு அனுப்ப மாட்டேன். நீங்கள் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசினால் அந்தப் போனைப் பற்றியும் பேசுங்கள். பரந்தாமன் பெயர் வேண்டாம். 'என் பெண்ணை நிறுத்தினார்கள், விடச் சொன்னது நான்தான்.' இந்த ஒரு வரி போதும். அதை ஊரறியச் சொல்லுங்கள், நாங்கள் அம்பத்தூருக்கு வந்துவிடுகிறோம். சொல்லாமல் கைதட்டல் வாங்கினீர்கள் என்றால், அந்த வீட்டில் உங்கள் எதிரில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது.

மாத்திரையை மறக்காமல் போடுங்கள். கடை தோசை உங்கள் வயிற்றுக்கு ஆகாது.

லாவண்யா


அம்பத்தூர்,
20-6-2025

அன்புள்ள லாவண்யா,

உன் கடிதத்தை ட்யூட்டியில் இருக்கும்போது பிரித்துவிட்டேன். பாதிக்கு மேல் அங்கே நின்று படிக்க முடியவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு மீதியைப் படித்தேன்.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி அது ஒரு வரி இல்லை. அந்த வரியை நான் மேடையில் சொன்னால் மறுநாள் காலை என் மேஜையில் மெமோ இருக்கும். அது என் தலையெழுத்து, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சோதனையில் நின்றது யார் என்று கேட்பார்களே? பெயர் சொல்லாவிட்டாலும் பரந்தாமன் மாட்டிக்கொள்வான். எனக்காவது டிவியில் வருகிற முகம் இருக்கிறது. அவனைத் தூக்கி எங்காவது வீசிவிடுவார்கள். இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் யாராவது என்னிடம் போனை நீட்டுகிறார்கள். கவுன்சிலர் பேசுகிறார், வக்கீல் பேசுகிறார், சொந்தக்காரன் என்று எவனோ பேசுகிறான். நான் கையில் வாங்குவதே இல்லை. அன்றைக்கு நிவி கூப்பிட்டபோது ஷூட்டிங்கில் இருந்தேன். ஒருத்தரை ஓரங்கட்டி லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, லேப் இருக்குப்பா, லேட்டானா உள்ளே விட மாட்டாங்கப்பா" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. காக்கிச் சட்டை போட்டிருக்கிறேன் என்பதே தோன்றவில்லை. எந்த அப்பாவாக இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பான்?

கொஞ்ச காலம் போகட்டும் லாவண்யா. நிவி எழுந்து நடக்கட்டும். அப்புறம் நிதானமாக யோசிக்கலாம். நிகழ்ச்சி தேதி வந்துவிட்டது, என்னால் பின்வாங்க முடியாது.

உன்,
மனோகரன்


வேலூர்,
25-6-2025

என்னங்க,

நிவி நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும் நடந்தாள். நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

பரந்தாமனுக்கு நான் போன் செய்தேன். உங்களிடம் சொல்லாமல்தான் செய்தேன். நீங்கள் அவரை நினைத்துத்தான் வாயைத் திறக்க யோசிக்கிறீர்கள் என்று சொன்னேன். "என் பேரையும் சேத்தே சொல்லட்டும் அண்ணி. அன்னிலேந்து செக்கிங்ல யாரு போன நீட்னாலும் நான் வாங்குறதில்ல. மெமோ குட்தா குட்கட்டும், அதுக்காவ அண்ணன் வாய மூடிகினு இருக்க வாணாம்" என்றார். ஆகவே அவரைக் காரணம் காட்டாதீர்கள்.

உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நிவியைத் தூக்கி உட்கார வைக்கும்போது என் இடுப்பு விட்டுப்போகிறது. அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைக்கிறேன், அவர் இருந்தால் ஒரு கையால் தூக்கிவிடுவாரே என்று. நீங்கள் அவள் குரலைக் கேட்டு உருகியது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் டிவியில் மற்றவர்களைத் திட்டுவதில்லை.

காலம் போகட்டும் என்கிறீர்கள். மேடைக்கு மட்டும் காலம் பார்க்கவில்லையே. அங்கே என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

லாவண்யா


அம்பத்தூர்,
7-7-2025

அன்புள்ள லாவண்யா,

சொல்லிவிட்டேன்.

ஆவடி பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மண்டபம் நிறைய ஆட்கள், பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். நிவி விழுந்த இடம், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் நிறுத்திவிட்டு, "அவளை ஹெல்மெட் இல்லை என்று நிறுத்தினார்கள். போனில் பேசி விடச் சொன்னது நான்தான்" என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அபிஷேக் மேடைக்கு ஏறி வந்தார். "சார், ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா அந்தப் போன் விஷயம் மட்டும் வேணாம் சார். ஜனங்க உங்களையே வில்லனா பாத்துடுவாங்க, ஹெல்மெட் மேட்டர் அடிபட்டுப் போயிடும். அதை மட்டும் விட்டுட்டு இன்னொரு டேக் போயிடலாம்" என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேக்கப் பெண் வந்து முகத்தைத் துடைத்துப் பவுடர் போட ஆரம்பித்துவிட்டாள். ஆட்களை மறுபடி அதே மாதிரி உட்காரச் சொன்னார்கள். லைட்டைப் போட்டார்கள்.

மறுபடியும் பேசினேன். அந்த வரி இல்லாமல்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். முதல் தடவை எனக்கு அழுகை வரவில்லை. இரண்டாவது தடவை அழுதுவிட்டேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போடப்போகிறார்கள்.

ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதானே? ஒரு மண்டபம் ஆட்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். நீ கேட்ட வரியை நான் மேடையில் சொல்லிவிட்டேன், அவர்கள் அதைப் போடாவிட்டால் நான் என்ன செய்வேன்? பாத்ரூமில் நிவி பிடித்துக்கொள்ள இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறேன். வாசல்படியைச் சரிவாக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போது வருகிறீர்கள் என்று எழுது. லீவு சொல்லிவிட்டு வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

உன்,
மனோகரன்


வேலூர்,
18-7-2025

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். நிவி தூங்கட்டும், தனியாகப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அப்பா வருகிறார் என்று அக்கா பேத்தி போய்ச் சொல்லிவிட்டது. தலையணைகளை அடுக்கி அவளை உட்கார வைத்தோம்.

உங்கள் பேச்சுக்கு முன்னால் பழைய 'ஓரங்கட்டு' ஒன்றிலிருந்து கொஞ்சம் போட்டார்கள். மண்ணூர்பேட்டை சிக்னலில் ஒரு பெண். நிவி வயசுதான் இருக்கும், ஸ்கூட்டர், தலையில் ஒன்றும் இல்லை. பரீட்சை இருக்கிறது, எங்கப்பாவிடம் பேசுங்கள் சார் என்று அழுதுகொண்டே போனை நீட்டுகிறாள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்கப்பாவா இருந்தாலும் சரி, எங்கப்பாவா இருந்தாலும் சரி, நான் பேச மாட்டேம்மா. வண்டி இங்கேயே நிக்கட்டும், ஷேர் ஆட்டோல போ" என்கிறீர்கள். அந்தப் பெண் அழுதபடியே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போகிறாள். மண்டபத்தில் எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

நிவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தையைத் தேடித் தேடி, "அந்தப் பொண்ணு... வீட்டுக்குப் போயிட்டாளாம்மா?" என்றாள்.

"போயிருப்பா கண்ணு."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருப்பா."

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள், பேசினீர்கள், அழுதீர்கள். அக்காகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிவி அழவில்லை. முடிகிற வரைக்கும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்து விளம்பரம் வந்த பிறகு என்னிடம் திரும்பினாள்.

"என்னை ஏம்மா யாருமே நிறுத்தலை?" என்று கேட்டாள்.

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றேன்.

சொன்னது சொன்னதுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது தடவை உங்களை யாரும் கட்டிப்போடவில்லை. பவுடரைத் துடைத்துவிட்டு இறங்கி வந்திருக்கலாம். அதனால் நாங்கள் அம்பத்தூருக்கு வரவில்லை. கைப்பிடி அப்படியே இருக்கட்டும்.

இனிமேல் ஊருக்குச் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். டிவிக்காரர்களிடமும் சொல்ல வேண்டாம். நிவி தினமும் காலையில் அதே கேள்வியைக் கேட்கிறாள். மறந்துவிட்டுக் கேட்கிறாளா, நான் சொல்லாததால் கேட்கிறாளா, தெரியவில்லை. அதற்கான பதில் என்னுடையது இல்லை. ஒரு நாள் பஸ் ஏறி வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து நீங்கள் சொல்லுங்கள். அவள் திட்டினாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். அன்றைக்கு உங்களுக்கு இங்கே சாப்பாடு உண்டு. எங்களை அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்து மட்டும் வராதீர்கள்.

லாவண்யா